முட்டை ட்ரேயில் ஒரு கார்

என் மனைவிக்குப் பிறந்த வீட்டிலிருந்து வரவேண்டிய பங்கை ஒரு லாரியில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். அயோத்தியாப்பட்டணத்தில் எங்கள் வீட்டு வாசலில் அதை இறக்க நான்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். இறக்கி, போர்டிகோவுக்குள் தள்ளி நிறுத்திய பிறகு, இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு கோழி வெளியே வந்தது. சுற்றுமுற்றும் பார்த்தது. இடம் பிடிக்கவில்லை போலும், மறுபடியும் உள்ளே போய்விட்டது. பங்கில் கோழியும் சேர்த்தியா என்று லாரிக்காரர் பண்ணைக்குப் போன் போட்டுக் கேட்டார். சேர்த்திதான் என்று என் மச்சான் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார்.

கோழியை விட்டுவிட்டால் மீதி இருந்தது ஒரு கார். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார். நீண்ட மூக்கு, கம்பிச் சக்கரங்கள், மடக்கி வைக்கும் துணிக்கூரை. என் மாமனார் வாலிப வயதில் ஏற்காட்டு எஸ்டேட் ஒன்றிலிருந்து வாங்கியது. இந்த மாதிரி வண்டிகளை வெளிநாட்டில் தனி அறை கட்டி, போர்வை போர்த்தி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுப்பார்களாம். புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில், மாமனாரின் கோழிப்பண்ணையில், இதற்கு வாய்த்த வாழ்க்கை வேறு.

முதல் சில வருடங்கள் மாமனார் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு இதில் நாமக்கல் போய் வந்திருக்கிறார். அதற்கு போட்டோ சாட்சி இருக்கிறது. பிறகு வண்டிக்குப் பழுது வர ஆரம்பித்தது. நாமக்கல் லாரி கட்டுகிற ஊர். அங்கே எந்த வண்டியைப் பழுதுக்கு விட்டாலும் அது கொஞ்சம் லாரியாகித்தான் வீடு திரும்பும். கூரைத் துணி கிழிந்தபோது லாரித் தார்ப்பாய் தைத்துக் கொடுத்தார்கள். ஹாரன் போனபோது லாரி ஹாரன் வைத்தார்கள். பின்பக்க ஸ்பிரிங் தொய்ந்தபோது, இனி ஆயுசுக்கும் தொய்யாதபடி லாரிப் பட்டைகளை அடுக்கி வைத்துக் கட்டினார்கள். அதற்குப் பிறகு வண்டி எந்நேரமும் குதிக்கப் போகிற வெட்டுக்கிளி மாதிரிதான் நின்றது. கடைசியாக மஞ்சளும் பச்சையுமாகப் பெயிண்ட் அடித்து, பின்னால் இரண்டு ஓரத்திலும் தாமரைப்பூ வரைந்து, நடுவில் "ஒலி எழுப்பவும்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கோலத்தில் அது போன வேகத்துக்கு, அதைத் தாண்டிப் போக யாரும் ஒலி எழுப்ப வேண்டியிருந்திருக்காது.

பிறகு அதில் தீவன மூட்டை ஏற்றினார்கள். பிறகு அதுவும் முடியாமல், பழைய கொட்டகை ஒன்றில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். கோழிகள் குடியேறின. கோழி எச்சத்தைப் பற்றி ஒரு தகவல்: அது இரும்பைத் தின்னும். அவசரப்படாமல், நிதானமாக, ருசித்துத் தின்னும்.

இந்த வண்டி எப்படிப் பங்கானது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாமனார் காலமான பிறகு நிலம், கிணறு, கொட்டகைகள் எல்லாம் மச்சான் பெயருக்கு மாறின. தனக்கு ஆட்சேபணை இல்லை என்று மகள் ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் பக்கத்தில் இதுதான் நடைமுறை. பெண் பிள்ளைகள் கையெழுத்து அழகாகப் போடுவார்கள். அதற்காகத்தான் அவர்களைப் படிக்க வைக்கிறார்களோ என்று எனக்குச் சில சமயம் தோன்றும். என் மனைவியும் அழகாகவே போட்டாள். பத்திர ஆபீஸ் வாசலில் வேப்பமர நிழலில் சொந்தக்காரர்கள் பத்துப் பேர் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். மச்சான் எல்லோர் காதிலும் விழும்படி, "நம்ம அம்மணிய வெறுங்கையோட அனுப்பறதுங்களா? அப்பா கார எடுத்துக்கட்டும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இளநீர் ஒருவருக்குப் புரையேறியது. என் மனைவியும் சிரித்தாள்.

வீடு திரும்பும் வழியில் சீலநாயக்கன்பட்டி பாலத்துக்குக் கீழே சிக்னலில் நின்றபோதுதான் அவள் பேசினாள்.

"அண்ணனுக்கு மீசை மொளைக்கறதுக்கு முன்னாடியே அந்த ஸ்டேரிங்கைப் புடிக்கக் குடுத்தாங்க. எனக்குத் தொடைக்கற துணியக் குடுத்தாங்க" என்றாள். சிக்னல் பச்சையானதும், "அந்த வண்டிய அனுப்பச் சொல்லுங்க" என்றாள்.

மச்சான் அப்போது பண்ணையிலேயே புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். தை மாதம் குடிபோவதாக ஏற்பாடு. அண்ணன் வீட்டுப் புதுமனையில் பால் காய்ச்ச வேண்டியது உடன்பிறந்தவள். அவள் வராமல் பால் காய்ச்சினால் ஊர் பேசும். அவள் வரமாட்டேன் என்று சொன்னால் உறவு அதோடு முடிந்தது என்று பொருள். கார் வந்து இறங்கிய அன்று மாலை, கோழியைப் பிடித்துப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்து, என் மனைவி தன் நிபந்தனையைச் சொன்னாள்.

"பால் காய்ச்ச இதுலதான் போவேன். நானே ஓட்டீட்டுப் போவேன். வண்டி கெளம்புலீன்னா நானும் கெளம்புலீங்க."

நான் ஜவ்வரிசி ஆலையில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறவன். மாவின் ஈரத்தையும் மணியின் வெண்மையையும் அளந்து கையெழுத்துப் போடுவது வேலை. தினமும் நாட்குறிப்பு எழுதுவது பழக்கம். ஒரு பொருளை எடுத்தால் எடுத்த இடத்தில் வைப்பது பிறவிக்குணம் என்று நானும், வியாதி என்று என் மனைவியும் சொல்வோம். கார் ரிப்பேர் எனக்குத் தெரியாது. ஆனால் எதையும் ஒழுங்காகப் பிரித்தால் ஒழுங்காகச் சேர்க்கலாம் என்ற நம்பிக்கை இருந்தது. இன்றைக்கும் அந்த நம்பிக்கையில் தவறில்லை என்றே நினைக்கிறேன். 'ஒழுங்காக' என்ற சொல்லைத்தான் நான் மட்டும் தனியாக நம்பியிருக்கிறேன்.

விஷயம் பரவி, தெருவில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். எல்லோரும் போர்டிகோ தூணில் சாய்ந்துகொண்டு, மூக்கிலிருந்து வால் வரை நிதானமாகப் பார்த்துவிட்டு, ஒரே கேள்வியைக் கேட்டார்கள். லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்? அந்த நிலையில் வண்டிக்குச் சக்கரங்கள் இல்லை, இன்ஜின் தனியாகக் கட்டிலில் கிடந்தது. எப்படியும் நல்ல மைலேஜ்தான், இதுவரை ஒரு சொட்டுப் பெட்ரோல் கூடக் கேட்கவில்லை என்று பதில் சொன்னேன். சிலர் அதை நம்பித் தலையாட்டினார்கள்.

இதையெல்லாம் பிரிப்பதற்கு முன்பே சேலத்திலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்திருந்தேன். அவர் எதையும் தொடாமலேயே தீர்ப்புச் சொன்னார். இந்த இன்ஜினைத் தூக்கிப் போட்டுவிட்டுக் குட்டியானை மினி லாரியின் டீசல் இன்ஜினைப் போட்டுவிடலாம். சக்கரமும் அதனுடையதே போட்டுக்கொள்ளலாம். கியர் பாக்ஸும் கூடவே வந்துவிடும். அப்படியானால் குட்டியானையையே வாங்கிவிடலாமே என்றேன். அதுதான் சார் நல்லது என்றார். அவர் கேலி செய்யவில்லை, மனதாரச் சொன்னார்.

ஆகவே நானே பிரித்தேன். பிரிப்பதற்கு எனக்குக் கிடைத்த பெரிய துணை முட்டை ட்ரே. மச்சானின் முட்டை வேன் வாரம் ஒரு முறை சேலம் கடைகளுக்கு வரும். வரும்போதெல்லாம் தங்கைக்கு என்று ஒரு ட்ரே முட்டை எங்கள் வாசலில் இறங்கும். நிலத்துக்குப் பதிலாக முட்டை என்ற இந்த ஏற்பாட்டில் மச்சான் ஒரு வாரம் கூடத் தவறியதில்லை, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். முட்டையைத் தின்று தீர்த்த பிறகு காலி ட்ரேக்கள் எங்களிடம் சேர்ந்துகிடந்தன. சிவப்புப் பிளாஸ்டிக், கழுவினால் புதிதாகிவிடும். ஒவ்வொரு குழியிலும் ஒரு போல்ட்டும் அதன் நட்டும் வாஷரும் உட்காரும். முட்டை ட்ரேயைக் கண்டுபிடித்த ஆள் அதற்கு முன் கார் பிரித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

ட்ரேயின் விளிம்பில் மார்க்கர் பேனாவால் எழுதுவேன். இடது பின் பிரேக். கார்புரேட்டர், முன்னது. கார்புரேட்டர், பின்னது. ரேடியேட்டர் மேல் வரிசை. குழிகளில் இடமிருந்து வலமாக, கழற்றிய வரிசை மாறாமல் அடுக்குவேன். ஆடி முடிவதற்குள் போர்டிகோவில் கால் வைக்க இடமில்லை. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் கொல்லைப்புறமாகச் சுற்றி வந்தார். என் மனைவி செருப்பை எடுக்க ட்ரேக்களுக்கு நடுவே நொண்டியடித்துப் போக வேண்டியிருந்தது. எனக்கோ காலையில் எழுந்து வந்து பார்த்தால் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். ஒரு கார் முழுதாக, நிறுத்தற்குறி தவறாமல், தரையில் எழுதி வைத்த மாதிரி.

மனைவியின் பங்கு சுரண்டுவது. தேய்ந்துபோன தோசைக் கரண்டியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால், எச்சத்துக்கு அடியில் மஞ்சள், மஞ்சளுக்கு அடியில் பச்சை, அதற்கும் அடியில் ஏற்காட்டிலிருந்து வந்தபோது இருந்த வெளிர்நீலம் என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போவாள். லாரிப் பட்டைகளைக் கழற்றிய அன்று வண்டி ஒரு பெருமூச்சுவிட்டுக் கீழே இறங்கியது. இறுகிப்போயிருந்த பிஸ்டன்களுக்கு டீசல் ஊற்றி ஊறவைத்தோம். கிடைக்காத சாமான்களைச் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் லேத் பட்டறையில் கடைந்து வாங்கினேன். ரப்பர்களும் கேஸ்கட்டுகளும் கடல் தாண்டி வந்தன. வண்டிக்கு மறுபடி பேப்பர் எடுத்த கதையை எழுதினால் அது தனிப் புத்தகமாகிவிடும், அதை வாங்க ஆள் இருக்காது. பின்பக்க "ஒலி எழுப்பவும்" எழுத்தை மட்டும் அவள் சுரண்டவில்லை. இங்கிலாந்துக்காரர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று கேட்டேன்.

"அவிய படிச்சுப் பாக்கட்டும்" என்றாள்.

ஐப்பசியில் ஒரு முகூர்த்த நாள். ஜலகண்டாபுரத்தில் எங்கள் உறவில் ஒரு கல்யாணம். நாங்கள் இருவரும் போய்விட்டு மாலையில் திரும்பினோம். கேட்டைத் திறந்ததும் போர்டிகோ அகலமாகத் தெரிந்தது. சுத்தமாகக் கூட்டிவிட்டிருந்தார்கள். கூடு மட்டும் நின்றுகொண்டிருந்த காருக்குப் பக்கத்தில் ஒரு பெயிண்ட் பக்கெட். அதில் முக்கால் பாகம் போல்ட்டுகள்.

இங்கே பண்ணை வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். முட்டை வியாபாரத்தில் முட்டை போகும், ட்ரே திரும்ப வர வேண்டும். காலி ட்ரே எங்கே கண்ணில் பட்டாலும் எடுத்து வண்டியில் போட்டுக்கொண்டு வந்துவிட வேண்டும் என்பது மச்சான் தன் ஆட்களுக்குப் போட்டிருக்கும் முதல் சட்டம். மூன்று மாநிலங்களில் எந்தக் கடையின் மூலையிலும் அவருடைய ட்ரே ஒன்று தூங்கிவிட முடியாது. தங்கை வீட்டில் மட்டும் ட்ரே போவதாகவே இருக்கிறது, வருவதாக இல்லை என்று அன்று அவருக்கு உறைத்திருக்கிறது. வேனில் வந்த லோடுமேனிடம் எடுத்துவரச் சொல்லியிருக்கிறார். அவர் என் வயதுக்காரர். மச்சானிடம் வெகுகாலமாக இருக்கிறவர், நாணயமானவர். போன் செய்தபோது அந்த நாணயம் முழுவதும் அவர் குரலில் இருந்தது.

"ட்ரே எல்லாம் எடுத்துட்டு வந்துட்டனுங்க சார். உள்ள கெடந்த ஆணி, போல்ட்டு எல்லாம் பத்திரமா பக்கெட்டுல கொட்டி வெச்சிருக்கறனுங்க. ஒண்ணு கூடக் கீழ உழுகலீங்க."

நன்றி என்றேன். அன்றைய நாட்குறிப்பில் 'மழை' என்று மட்டும் எழுதினேன். மழை பெய்யவில்லை.

ஒரு பொருள் கூடக் காணாமல் போகவில்லை. எல்லாம் இருந்தது. எது எங்கே என்பது மட்டும் இல்லை. அந்த விவரம் ட்ரே விளிம்புகளில் ஏறிப் பண்ணைக்குப் போய்விட்டது. அங்கே கழுவியிருக்கிறார்கள். நல்ல மார்க்கர், நான் பார்த்துத்தான் வாங்கியிருந்தேன், அழியவில்லை. அடுத்த வாரம் மச்சான் போன் செய்தார். என் மனைவி மாவு பிசைந்துகொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏனுங் மாப்ள, 'இடது பின் பிரேக்'குன்னு ஒரு ட்ரே பாலக்காட்டுல போய் எறங்கியிருக்குது. இது என்ன புது ரகமான்னு கடக்காரரு கேக்கறாரு. நான் என்னன்னு சொல்றது?"

வேண்டிய மட்டும் சிரித்துவிட்டுத் தொடர்ந்தார். "உடுங்க மாப்ள. அது எங்க கெளம்பப் போவுது. தைக்கு நம்ம கார அனுப்பறன், அம்மணிய அதுல கூட்டீட்டு வந்துருங்க."

போன் வைத்த பிறகு என் மனைவி கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். ஒரு பழைய புடவையைப் போர்டிகோவில் விரித்தாள். பக்கெட்டைத் தூக்கிக் கவிழ்த்தாள். எனக்கு நெஞ்சுக்குள் அந்தச் சத்தம் கேட்டது.

பண்ணையில் பிறந்தவர்கள் பேச்சு வருவதற்கு முன்பே முட்டை பிரிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். பெரிது, நடுத்தரம், சிறிது, கீறல். பார்ப்பது கூடக் கிடையாது, கையில் எடுத்ததும் கையே சொல்லிவிடும். அந்தக் கணக்கிலேயே அவள் போல்ட்டுகளையும் பிரித்துப்போட ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே அளவாக இருப்பதாலேயே இரண்டும் ஒரே இடத்துப் போல்ட் ஆகிவிடாது என்று விளக்கினேன். ஒவ்வொன்றும் அததன் துளையோடு தேய்ந்து பழகியிருக்கும் என்றேன். வரிசை என்பது ஒரு தகவல் என்றேன். அவள் கையை நிறுத்தவில்லை.

"எங்கிருந்து எடுத்தம்னு எழுதி வெச்சீங்க. அது பாலக்காடு போயிருச்சு. இனி எது எங்க போய் உக்காருதோ அதுதானுங்க அதும்பட எடம்."

தரக்கட்டுப்பாட்டில் இப்படி ஒரு முறை எந்தப் புத்தகத்திலும் கிடையாது. ஆனால் வேறு முறையும் மீதியில்லை. கார்த்திகை முழுவதும், மார்கழியில் பாதியும், ஒவ்வொரு துளைக்கும் அளவில் ஒத்த போல்ட்டுகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம். அவள் போடுவாள், நான் எதிர்ப்பேன், அது சரியாக உட்காரும். சில சமயம் நான் எதிர்த்தது போலவே உட்காராது. அப்போது நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், முகத்தை மட்டும் அவளுக்குத் தெரிகிறபடி வைத்துக்கொள்வேன். இடையில் எப்போதோ ஒரு நாள் கவனித்தேன். ஸ்பேனர் அவள் கையில் இருந்தது, டார்ச் என் கையில் இருந்தது. இந்தப் பொறுப்பு மாற்றம் எந்தத் தேதியில் நடந்தது என்று நாட்குறிப்பைப் புரட்டிப் பார்த்தேன். பதிவாகவில்லை.

கடைசியில் ஒரு கைப்பிடி போல்ட்டுகள் எங்கேயும் சேராமல் மிச்சம் நின்றன. பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடிக்கு மட்டும் அதற்கான திருகு எதுவென்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. கண்ணாடி மாட்டாமலேயே விட்டோம். பின்னால் வருகிறவனுக்குத்தான் ஒலி எழுப்பச் சொல்லி எழுதியிருக்கிறதே என்றாள்.

மார்கழிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இன்ஜின் பிடித்தது. முதலில் இருமியது. பிறகு வண்டிக்குப் பின்னால் ஒரு வெள்ளை மேகம் எழுந்து, எதிர்வீட்டில் காயப்போட்டிருந்த துணிகளின் மேல் போய் உட்கார்ந்தது. எதிர்வீட்டம்மா வெளியே வந்து, எங்களைப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்த மௌனத்தை இரண்டு நாள் காது கூசக் கேட்டோம். என் மனைவி ஸ்டேரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வண்டி நின்ற இடத்திலேயே, வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். இறங்கும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டாள். புகை என்றாள். நானும் புகை என்றே எழுதிக்கொண்டேன்.

ஒரு குறை தீரவே இல்லை. செல்ஃப் மோட்டார் மனநிலையைப் பொறுத்து வேலை செய்தது. காலையில் ஒரு முறை மரியாதையாகக் கிளப்பிவிடும். சூடான பிறகு அணைத்தால், மறுபடி கிளப்ப யாராவது தள்ள வேண்டும். தெருவில் தள்ளத் தெரிந்தவர் நான் ஒருவன்தான் என்று ஆயிற்று. அவள் பக்கத்து லேஅவுட்டில் ஓட்டிப் பழகிய நாட்களில் எனக்கு இடுப்பு மூன்று அங்குலமாவது இளைத்திருக்கும்.

தையில் அந்த நாள் வந்தது. விடிந்ததும் கிளம்பினோம். அவள் பட்டுப்புடவை கட்டி, தலைக்கு ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு ஓட்டினாள். நான் மடியில் பால் காய்ச்சப் புதுப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மல்லூர் தாண்டியதும் நான்கு வழிச்சாலையில் லாரிகள் பின்னால் வர ஆரம்பித்தன. எங்கள் பக்கத்து லாரி ஓட்டுநர்கள் எழுதியிருப்பதை மதிக்கிறவர்கள். ஒவ்வொரு லாரியும் ஒலி எழுப்பியது. சில லாரிகள் பக்கத்தில் வந்து, வேகத்தைக் குறைத்து, கிளீனர் எட்டிப் பார்த்து, மறுபடியும் ஒலி எழுப்பிவிட்டுப் போயின. கல்யாண ஊர்வலத்துக்குக் கூட இவ்வளவு வாத்தியம் வைத்ததில்லை. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக் கண்ணாடியும் இல்லை.

பண்ணை கேட்டுக்குள் வெளிர்நீல மூக்கு நுழைந்தபோது மேளக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். பந்தலில் இருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். பத்திர ஆபீஸ் வேப்பமரத்தடியில் இளநீர் குடித்த அதே ஆட்கள். லிட்டருக்கு எவ்வளவு என்று ஆரம்பித்தார்கள். மச்சான் படியிறங்கி வந்தார். வண்டியைச் சுற்றி வந்தார். பின்னால் போய் அந்த எழுத்துக்கு முன்னால் கொஞ்சம் நின்றார். "அப்பா வண்டி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த நிமிடம் அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

என் மனைவி பாலைக் காய்ச்சினாள். பொங்கி வழிந்தது. எல்லோரும் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள்.

பந்தியில் உட்கார்ந்திருந்தபோது மச்சான் வந்து எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அதற்குள் அவர் காதில் யாரோ எதையோ போட்டிருக்கிறார்கள். கோயமுத்தூரிலிருந்து வந்திருந்த ஒருவர் பழைய கார்கள் பற்றித் தெரிந்தவராம். வண்டியைக் குனிந்து பார்த்துவிட்டு இதற்கெல்லாம் என்ன மதிப்பு தெரியுமா என்று சொல்லிக்கொண்டிருந்ததை நானும் கேட்டேன். மச்சான் இலையில் பாயசம் போடச் சொல்லிவிட்டு, தங்கை பக்கம் சாய்ந்தார்.

"அம்மணி, அப்பா வண்டி இங்கயே நிக்கட்டும் சாமி. புது ஊட்டு முன்னால நின்னாத்தான அதுக்கும் கௌரவம். உனக்கு நல்லதா ஒரு ஏசி கார் எடுத்துத் தாரேன்."

சுற்றியிருந்தவர்கள் அதுதான் முறை என்கிற மாதிரித் தலையாட்டினார்கள். பிறந்த வீட்டுப் பொருள் பிறந்த வீட்டில் இருப்பதுதானே அழகு என்று ஒரு பெரியவர் சொன்னார். நிலத்தைப் பற்றியும் இதே கருத்தை அவர் முன்பு சொல்லியிருக்கிறார். கொள்கை மாறாத மனிதர். நான் என் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஆமாம் என்று சொல்லிவிட்டால் எங்கள் போர்டிகோ சுத்தமாகும், என் இடுப்பு பிழைக்கும். ஆனாலும் ஆமாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பாயசத்தைத் தொடாமல் இருந்தேன்.

அவள் பாயசத்தை முடித்தாள். பிறகு கேட்டாள்.

"ஏனுங்ணா, பண்ணைக்கு ட்ரே எப்பத் திரும்பி வரும்?"

மச்சானுக்குப் புரியவில்லை. தொழில் கேள்வி என்பதால் பதில் தானாக வந்தது. "காலியானா வரும்."

"அதானுங்ணா. காலியாக் குடுத்து உட்டீங்க. இப்பக் காலியா இல்லீங்."

பந்தியின் கடைசியிலிருந்து ஒருவர் சிரித்தார். வேப்பமரத்தடியில் புரையேறியவர்தான். அவரைத் தொடர்ந்து எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில் மச்சானும் சிரித்தார். வேறு வழி அவருக்கும் தெரிந்திருக்காது. என் மனைவி இலையை மடித்துவிட்டு எழுந்து கை கழுவப் போனாள்.

கிளம்பும்போது தலைத்துண்டைக் கட்டி, ஸ்டேரிங்கில் உட்கார்ந்து, எல்லோருக்கும் வாரேன் சொல்லிவிட்டு, அவள் செல்ஃப் பட்டனை அழுத்தினாள். செல்ஃப் மோட்டார் ஒரு முறை முனகியது. மறுபடி அழுத்தியபோது அதுவும் இல்லை. வெயிலில் நின்ற வண்டி, இரண்டு மணி நேரப் பந்தலில் என்னைப் போலவே களைத்திருந்தது. நான் தள்ளுவதற்காக இறங்கப் போனேன். அவள் என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"நீங்க மாப்ளங்க. பொண்டாட்டி பொறந்த ஊட்ல மாப்ள தள்ளுவாங்களா?"

சரியான மரியாதைக் கேள்வி. எல்லோர் காதிலும் விழுந்தது. மச்சான் பட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். முதல் ஆளாகப் பின்னால் போய், தாமரைப்பூ அழிந்த இடத்தில் இரண்டு கையையும் ஊன்றினார். லோடுமேன் ஓடிவந்து அவருக்குப் பக்கத்தில் நின்றார். சித்தப்பா, பெரியப்பா என்று ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். வண்டி நகர்ந்தது. புது வீட்டு முற்றத்தைக் கடந்தது. மேளக்காரர்கள் தாமாகவே மறுபடி வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

தள்ளிக் கிளப்புவது எப்படி என்று எனக்கு நன்றாகத் தெரியும், தள்ளுகிற பக்கத்திலிருந்து. இரண்டாவது கியரில் போட்டு, கிளட்சை மிதித்துக்கொண்டு, வண்டி கொஞ்சம் வேகம் பிடித்ததும் காலை எடுக்க வேண்டும். முற்றத்திலேயே போதுமான வேகம் வந்துவிட்டது. கேட் வந்தது. கேட்டும் போனது. மண் பாதையில் இறங்கினோம். அவள் கால் கிளட்சின் மேலேயே இருந்தது.

"காலை எடு" என்றேன்.

"அண்ணன் தள்ளறாங்களா பாருங்க."

கண்ணாடி இல்லாததால் நான் திரும்பிப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. லோடுமேன் இருந்தார். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கேட்டோடு நின்றுவிட்டார்கள். மச்சான் இருந்தார். குனிந்து, தலையில் முண்டாசோடு, "ஒலி எழுப்பவும்" என்ற எழுத்துக்கு மேல் கையை ஊன்றி, மேல்மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டிருந்தார். தள்ளுகிறார் என்றேன்.

"இன்னுங் கொஞ்ச தூரம் போகட்டுங்க" என்றாள்.

தார் ரோடு தெரிந்த பிறகுதான் காலை எடுத்தாள்.